ஹெரியட் ரோவில் ஒரு ஜன்னல்

எடின்பரோவுக்குப் போகிற நம்மவர்கள் கோட்டையைப் பார்க்கிறார்கள். பாவாடை கட்டின ஆண்பிள்ளை தெருமுனையில் பாக்பைப் ஊதுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கம்பளி ஸ்வெட்டர் நாலு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தப்பில்லை, கோட்டையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் அந்த ஊரில் இருந்த ஐந்து மாதமும் பொழுது கிடைத்தபோதெல்லாம் ஓர் ஆயாவைத் தேடிக்கொண்டுதான் அலைந்தேன். 1913-ல், 91-வது வயசில், காலமாகிவிட்ட ஆயா அவள். பெயர் அலிஸன் கன்னிங்ஹாம்.

பெயரைக் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. அவள் தூக்கி வளர்த்த பிள்ளையின் பெயரைச் சொன்னால் தோன்றும். ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன்! பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு 'டிரெஷர் ஐலண்ட்' நான்-டீடெயில் பாடமாக இருந்தது. ஒற்றைக்கால் ஜான் சில்வரும் அவன் தோளில் உட்கார்ந்த கிளியும் இன்னும் என் கண் முன்னால் நிற்கிறார்கள். அதை எழுதினவர் சின்ன வயசில் பாதி நாள் படுக்கையிலேயே கிடந்த நோஞ்சான் குழந்தை என்பதும், அவரைக் கரையேற்றியவள் ஒரு கிராமத்து ஆயா என்பதும் எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

பெண்ணுக்கு இரண்டாவது பேறுகாலம் என்று 2023 அக்டோபரில் போனேன். மூத்தவனுக்கு நாலு வயசு. பகலெல்லாம் குதியாட்டம் போடுவான். ராத்திரி பத்து மணி ஆனால் 'கொள் கொள்' என்று இருமல். பெண்ணோ பச்சை உடம்புக்காரி. ஆகவே ராத்திரி டியூட்டி எனக்கு. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் உலாத்தும்போதுதான் மாப்பிள்ளையின் அலமாரியில் இருந்த ஸ்டீவன்ஸன் சரித்திரத்தைக் கையில் எடுத்தேன். அப்புறம் புத்தகத்தை வைக்க மனசு வரவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எடின்பரோ இரண்டு ஊர். கோட்டையிலிருந்து இறங்குகிற மேட்டுத் தெருவும் அதன் இரண்டு பக்கத்துச் சந்துகளும் பழைய ஊர். வடக்கே, பிரின்ஸஸ் தெருவைத் தாண்டினால் நியூ டவுன், அதாவது புது ஊர். பெயர்தான் புது, 1767-ல் ஆரம்பித்துக் கட்டியது. அளவெடுத்து நறுக்கின பர்பி மாதிரி தெருக்கள், ஒரே உயரத்துக் கல் வீடுகள். பிரின்ஸஸ் தெருவிலிருந்து ஃபிரெடரிக் தெரு வழியாக வடக்கே நடந்தால், முதலில் ஒரு மேடு, அப்புறம் ஒரே இறக்கம். குவீன் தெரு வரும். அதற்குக் கீழே பெரிய தோட்டம். தோட்டத்தின் மறு கரையில் ஹெரியட் ரோ. அதில் 17-ம் நம்பர் வீடு. 1857-ல் ஸ்டீவன்ஸன் குடும்பம் அங்கே குடிவந்தபோது பையனுக்கு ஆறு வயசு.

அது மியூசியம் இல்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, "மணியை அடித்துவிடாதீர்கள், அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்" என்றார். "அடிக்க மாட்டேன், சும்மா பார்க்கிறேன்" என்றேன். "எல்லாரும் விளக்கைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் மாடியைப் பார்க்கிறீர்களே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்ன விளக்கு வாசலிலேயே இருக்கிறது. ஸ்டீவன்ஸன் குழந்தையாக இருந்த காலத்தில் காஸ் விளக்கு. சாயங்காலம் டீ வேளையில், லீரி என்கிற விளக்கேற்றும் ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருவோடு வருவான். ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு பையன் காத்திருப்பான். அந்த லீரியைப் பற்றிப் பிற்பாடு அவர் எழுதின குழந்தைக் கவிதை உலகப் பிரசித்தம். அதனால்தான் வருகிறவர்கள் எல்லாரும் விளக்கைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் மாடி ஜன்னலைப் பார்த்ததற்குக் காரணம் வேறே.

பையனுக்கு மார்பு பலவீனம். பனிக்காலம் முழுக்க ஜுரம், இருமல், மூச்சுத் திணறல். ஊரிலே அன்றைக்கு ஆயிரக்கணக்கான புகைபோக்கிகள். எல்லா வீட்டிலும் நிலக்கரிதான். 'புகைக்கிழவி' என்கிற அர்த்தத்தில் அந்த ஊருக்குப் பட்டப்பெயரே உண்டு. அந்தக் கரியும் வட கடலிலிருந்து வரும் ஈரக் காற்றும் சேர்ந்தால் நோஞ்சான் குழந்தைக்கு எப்படி இருக்கும்! முன்பு இருந்த வீடு ஓதம் என்றுதான் தெற்குப் பார்த்த இந்த வீட்டுக்கே மாறினார்கள். அம்மா மார்கரெட்டுக்கும் உடம்பு சரியில்லை. பல நாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மாட்டாளாம். அப்பா தாமஸ் கலங்கரை விளக்கங்கள் கட்டும் எஞ்சினீயர், கடலோரத்தில் வேலை. ஆக, ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்துக்கொள்ள அலிஸன்தான். பையன் ஒன்றரை வயசாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு 30 வயசு. கல்யாணம் ஆகவில்லை. ஃபோர்த் கழிமுகத்துக்கு வடகரையில் டோரிபர்ன் என்ற கிராமத்துப் பெண். குழந்தைக்கு 'கன்னிங்ஹாம்' வாயில் நுழையாமல் 'கம்மி' ஆயிற்று. நமக்குக் கம்மி என்றால் குறைச்சல். அந்த வீட்டிலே அவள் ஒன்றில்கூடக் கம்மி இல்லை!

நடுராத்திரியில் பையன் இருமி இருமி மூச்சு வாங்கும்போது கம்மி அவனைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு ஜன்னலண்டை போவாள். வெளியே தோட்டம் ஒரே கும்மிருட்டு. அதற்கு அப்பால், மேட்டில், குவீன் தெரு வீடுகளில் ஒன்றிரண்டு ஜன்னல்களில் மட்டும் வெளிச்சம். 'அதோ பார், அங்கேயும் உன்னைப் போல ஒரு குழந்தை தூங்காமல் இருக்கும். அதுவும் அதன் ஆயாவும் நம்மைப் போலத்தான் விடியலுக்குக் காத்திருக்கிறார்கள்' என்பது அவர்களுக்குள்ளே வழக்கமான பேச்சு. விடிகாலையில் கிராமத்திலிருந்து வண்டிகள் வருகிற சத்தம் கேட்கும். சக்கரம் கல்லில் உருளும், வண்டிக்காரர்கள் அதட்டுவார்கள், குதிரை கனைக்கும். 'ராத்திரி போய்விட்டது' என்று பையனுக்கு உயிர் வரும். பெரியவர் ஆன பிறகும் அவர் இதை மறக்கவில்லை, எழுதிவைத்திருக்கிறார்.

மருந்து தெரியாத காலம். கம்மிக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் போர்வையும் தோளும்தான். இன்னொன்றும் உண்டு, படித்தபோது நான் சிரித்துவிட்டேன். நடுச்சாமத்தில் குழந்தைக்குக் காப்பி கொடுப்பாளாம், அமைதியாகத் தூங்கட்டும் என்று! சரித்திரம் எழுதினவர்கள் 'இப்படியும் ஒரு ஆயாவா' என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கும்பகோணத்துக்காரி எனக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. நம் வீட்டுக் குழந்தைக்கு யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம், சொல்லிவிட்டேன்.

இத்தோடு விட்டால் கம்மி ஒரு தெய்வம் என்று எழுதிவிட்டு நான் பேனாவை மூடிவிடலாம். விஷயம் அப்படி இல்லை.

கம்மி மகா கண்டிப்பான கிறிஸ்தவச்சி. ஸ்காட்லாந்தில் கால்வின் வழிச் சபை என்றால் சாமானியம் இல்லை. சீட்டாட்டம் பாவம், நாடகம் பாவம், நாவல் படிப்பது பாவம். பாவம் செய்தவனுக்கு நரகம், அங்கே அணையாத நெருப்பு. இதையெல்லாம் பையனுக்குச் சிறுகதை மாதிரி சொன்னாள். அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரிகிறதற்கு முன்னாலேயே பைபிளை முதலிலிருந்து கடைசி வரை பல தடவை படித்துக் காட்டியாகிவிட்டது. 17-ம் நூற்றாண்டில் ராஜாவின் ஆட்கள் வேட்டையாடிய கவனன்டர் என்கிற பக்தர்களின் கதைகள் வேறே. மலையில் ஒளிந்து வழிபட்டவர்கள், சுடப்பட்டவர்கள், தூக்கில் தொங்கினவர்கள். விளைவு? பையன் தூங்கப் பயந்தான். தூக்கத்திலே செத்துப்போனால் நேரே நரகம்தானே என்று கண்ணை மூடாமல் படுத்திருப்பான். காற்று அடிக்கிற ராத்திரியில் யாரோ குதிரையில் பாய்ந்து வருகிறான் என்று நடுங்குவான். பயந்து அலறினால் ஓடி வந்து அணைத்துக்கொள்வதும் அதே கம்மிதான்!

இந்தப் பாகத்தைப் படித்தபோது என் பெண் பக்கத்தில் இருந்தாள். விடுவாளா?

"பார்த்தியாம்மா? இதுக்குத்தான் நான் சொல்றேன். ராத்திரி நேரத்திலே அவனுக்கு நரசிம்மர் கதை சொல்லாதே. குடலை எடுத்து மாலையாப் போட்டுண்டார்னு சொல்றே. அவன் ஸ்கூல்ல போய் வரைஞ்சு வச்சிருக்கான், டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறா."

"ஏண்டி, நீ கேட்காத நரசிம்மரா? நீ என்ன பயந்தா போயிட்டே?"

"பயந்துதான் போனேன். உன்கிட்டே சொல்லலை, அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் அன்றைக்கு ராத்திரி பேரனுக்குக் காக்காய் வடை திருடின கதை சொன்னேன். பாதியிலேயே, "போ பாட்டி, சிங்கம் வர கதை சொல்லு" என்று அடம். இதற்கு என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை.

கம்மி விஷயத்திலும் அதேதான். பயத்தை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள வழி இல்லை. 16-வது வயசில் ஸ்டீவன்ஸன் எழுதி முதன்முதலில் அச்சான சின்னப் புத்தகம் எது தெரியுமோ? 1666-ல் பென்ட்லண்ட் மலைப் பக்கம் கவனன்டர்கள் செய்த கலகத்தின் சரித்திரம். ஆயா சொன்ன அதே கதை! அப்பா பணம் கொடுத்து 1866-ல் அச்சிட்டார்.

நாவல் பாவம் என்ற கம்மியிடம் ஒரு பலவீனமும் இருந்தது. 'காஸல்ஸ்' என்ற குடும்பப் பத்திரிகையில் வருகிற தொடர்கதைகளைப் பையனுக்குப் படித்துக்காட்டுவாள். 'இது நாவல் இல்லை, குடும்பக் கதை' என்று தனக்குத்தானே சமாதானம். கதை சூடு பிடிக்கும். 'ஐயோ, இது நாவலாகவே ஆகிவிடும் போலிருக்கிறதே' என்று பயந்து நிறுத்திவிடுவாள். ஆனால் சனிக்கிழமை வந்தால் இரண்டு பேருமாகப் பத்திரிகைக் கடை ஜன்னலுக்குப் போய், புது இதழின் படங்களைப் பார்த்து, 'இவன் இன்னும் சாகவில்லை, அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது' என்று மிச்சக் கதையைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்களாம். பக்கத்து வீட்டுக்காரி வாங்குகிற பத்திரிகையில் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் வாசற்படியில் நின்றே படித்துவிட்டுக் கொடுத்த நமக்கு இது புரியாதா என்ன?

கண்டிப்பான 30 வயசுக்காரிக்கும், மூளை எட்டுத் திக்கும் பாய்கிற ஒரு குழந்தைக்கும் நடுவே நட்பு வேரூன்றியது இந்தக் கடை ஜன்னலில்தான் என்பது என் கட்சி. ஜெபத்திலே அவள் பெரியவள், அவன் சின்னவன். தொடர்கதையிலே இரண்டு பேரும் ஒரே வயசு.

பையனின் புத்தி பற்றி ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆறு வயசில், மாமா ஒருவர் பந்தயம் வைத்தார்: மோசஸ் கதையை யார் நன்றாக எழுதுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. இவனுக்கு எழுத வராது. வாயால் சொல்லச் சொல்ல அம்மா எழுதிக்கொண்டாள். படம் மட்டும் அவனே போட்டான். பரிசும் கிடைத்தது. கதை முழுக்கக் கம்மியிடம் கேட்டதுதானே!

மியூசியம் வேண்டும் என்கிறவர்கள் பழைய ஊருக்குப் போக வேண்டும். லான்மார்க்கெட் தெருவில் லேடி ஸ்டேர் சந்து என்று ஒன்று. உள்ளே 1622-ல் கட்டின வீட்டில் எழுத்தாளர் மியூசியம். நுழைவுக் கட்டணம் இல்லை. மாடிப்படி ஏறும்போது ஜாக்கிரதை. திருடன் தடுக்கி விழட்டும் என்று படிகளை உயரம் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். திருடனுக்கு வைத்தது என் முழங்காலுக்கு வந்து சேர்ந்தது. அங்கே இருக்கிற ஒரு மர அலமாரி சிறுவன் ஸ்டீவன்ஸனின் படுக்கை அறையில் இருந்தது. செய்த தச்சர் டீக்கன் பிராடி. பகலில் ஊர்ப் பெரிய மனுஷர், நகரசபை அங்கத்தினர். ராத்திரியில் வீடு வீடாகப் புகுந்து கொள்ளை. 1788-ல் தூக்கில் போட்டார்கள். இருட்டில் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த பிள்ளைதான் 1886-ல் வெளிவந்த 'டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்' எழுதினார், ஒரே உடம்பில் நல்லவனும் கெட்டவனும். கேட்க வேண்டுமா?

அவர் பெரிய எழுத்தாளர் ஆன பிறகு நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லுவார்கள். நாலு பேர் இருக்கும்போது கம்மியைப் பார்த்து, "எனக்கு நாடகப் பைத்தியம் பிடித்ததே உன்னால்தான்" என்றாராம். கம்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா! என் ஆயுசில் நாடகக் கொட்டகை வாசற்படி மிதித்ததில்லையே!" அதற்கு அவர், "மிதிக்காமல் இருக்கலாம். ஆனால் நீ தோத்திரப் பாட்டு ஒப்பிக்கிற தோரணை இருக்கிறதே, அதைவிட நாடகம் எங்கே இருக்கிறது?" என்று சொன்னாராம்.

1863-ல் குடும்பமே ஐரோப்பா சுற்றுப் பயணம் போனது. பையனுக்கு 12 வயசு. கம்மியும் போனாள். பிரான்ஸ், இத்தாலி என்று மே மாதம் வரை பயணம். வழியெல்லாம் ஒரு சிநேகிதிக்குச் சொல்வது போல டைரி எழுதினாள். 1926-ல் அது புத்தகமாகவே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கிற பாரிஸைப் பார்த்து முகம் சுளிக்கிறாள், ரோமாபுரியின் பூஜை ஆடம்பரங்களைப் பார்த்து மனம் நொந்துபோகிறாள். காசிக்குப் போன நம் மடிசார் பாட்டிகள் கடிதம் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி!

அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்ததாகவும், குழந்தையை விட்டுப் போக மனசில்லாமல் வேண்டாம் என்றுவிட்டதாகவும் சொல்கிறார்கள். நம் சங்கப் பாட்டுகளில் செவிலித்தாய் வருகிறாள் அல்லவா? பெற்ற தாய் ஒருத்தி இருக்க, வளர்த்த தாய் தனியே நின்று புலம்புவாள். கம்மியின் பக்கத்தை யோசித்தபோது எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. வளர்த்த பிள்ளை ஒரு நாள் கிளம்பிப் போகத்தான் போகிறது. செவிலிக்கு மட்டும் அதைத் 'தன் பிள்ளை' என்று உரக்கச் சொல்ல உரிமை கிடையாது.

ஸ்டீவன்ஸன் அந்த உரிமையைக் கொடுத்தார். 1883-ல் தெற்கு பிரான்ஸில் இருந்தபோது கம்மிக்குக் கடிதம் எழுதினார். குழந்தைப் பாட்டுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதை உனக்குத்தான் காணிக்கையாக்கப்போகிறேன், அதை நிஜமாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் நீ ஒருத்திதான் என்று. 1885-ல் 'எ சைல்ட்ஸ் கார்டன் ஆஃப் வெர்ஸஸ்' வந்தது. முதல் பக்கத்தில் அலிஸன் கன்னிங்ஹாமின் பெயர். கையெழுத்து போடுகிற இடத்தில் 'உன் பையன்' என்கிற பாவனை. அந்தத் தூங்காத ராத்திரிகளுக்கெல்லாம் அதிலே நன்றி சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் உள்ளே ஒரு பாட்டு உண்டு. ஆனால் முகப்பு ஆயாவுக்கு.

பெற்றவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். 1887-ல் கணவர் இறந்த பிறகு, 58 வயசில், அந்த நோயாளி மார்கரெட் மூட்டை கட்டிக்கொண்டு பிள்ளையோடு கப்பல் ஏறிவிட்டாள். அமெரிக்கா, அப்புறம் பசிபிக் தீவுகள். படுக்கையை விட்டு எழுந்திருக்காதவள் வெள்ளை விதவைத் தொப்பியோடு தீவுத் தலைவர்களுக்கு விருந்து வைத்தாள்! 1894 டிசம்பர் 3-ம் தேதி சமோவாவில் பிள்ளை இறந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள்தான். சமோவாக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டுஸிடாலா', கதை சொல்லி. கம்மி எடின்பரோவில் இருந்தாள். 1887-ல் அப்பாவின் சாவுக்கு வந்தது போக அந்தப் பிள்ளை திரும்பி ஊருக்கு வரவே இல்லை.

காலிண்டன் என்ற இடத்தையும் பார்க்கலாம். தாத்தா பாதிரியாராக இருந்த மாதா கோவிலும் வீடும் அங்கே ஆற்றோரத்தில். கோடையில் பையனைக் கம்மி அழைத்துப் போய்விடுவாள். இருமல் நின்று, கன்னம் சிவந்து, ஓடி விளையாடுவான். அவன் ஆடின யூ மரம் இன்னும் இருக்கிறது. பையனும் நாயுமாக ஒரு வெண்கலச் சிலையை 2013-ல் வைத்திருக்கிறார்கள். பழைய ரயில் சுரங்கம் ஒன்றின் சுவர் முழுக்க அவருடைய ரயில் கவிதையைப் படமாகத் தீட்டியிருக்கிறார்கள். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். என் பேரன் சுரங்கத்துக்குள்ளே 'கூ' என்று கத்திக்கொண்டு நாலு தடவை ஓடினான். அன்றைக்கு ராத்திரி இருமல் இல்லை. இதற்கு மேல் அங்கே சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச்சில் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஸ்வான்ஸ்டன் போனேன். மாப்பிள்ளை ஒரு காகிதத்தில் வழி எழுதிக் கொடுத்தார். ஊரின் தெற்கு ஓரம், பென்ட்லண்ட் மலையடிவாரம். பெரிய பைபாஸ் சாலை 'ஹோ' என்று இரைந்துகொண்டிருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறினால் வெள்ளையடித்த சுவரும் கூரை வேய்ந்த மேலுமாகச் சில குடிசைகள். எடின்பரோவுக்குத் தண்ணீர் கொடுத்த ஊற்றுகள் இந்த மலையில் இருக்கின்றன. ஸ்டீவன்ஸன் குடும்பம் 1867 முதல் 1880 வரை கோடைக்கு இங்கேதான் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. கம்மியின் தம்பியோ அண்ணனோ, கூடப் பிறந்தவர் ஒருவர் இங்கே தண்ணீர்க் காவல் வேலையில் இருந்தார். வேலையிலிருந்து நின்ற பிறகு அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு பல வருஷம் இங்கேயே இருந்தாள். கடைசிக் காலம் மார்னிங்ஸைடில். அங்கே உள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

ஸ்டீவன்ஸன் போன பிறகு 18 வருஷம் இருந்தாள். அவருடைய புகழ் ஏற ஏற, 'அவரைத் தூக்கி வளர்த்தவள் உயிரோடு இருக்கிறாளாம்' என்று ஜனங்கள் தேடிக்கொண்டு வருவார்கள். அவளும் சலிக்காமல் சொல்லுவாள். கத்ரி பிரபு என்ற நீதிபதி அதையெல்லாம் கேட்டு எழுதி, அவள் இறந்த வருஷமே 'கம்மி' என்று புத்தகம் போட்டார். ஆயாவுக்கு ஜீவிய சரித்திரம்!

குடிசைகளுக்கு மேலே ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். ஃபிளாஸ்கில் கொண்டுபோன காப்பி ஆறியிருந்தது. மேலே மலைச்சரிவில் ஆடுகள். கீழே, தூரத்தில், கோட்டையும் கடலும் ஒரே பார்வையில் தெரிந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் மங்கலாகக் கோடு போட்ட மாதிரி நிலம். அதுதான் ஃபைஃப், கம்மி பிறந்த பக்கம். மேகம் இறங்கிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நல்ல நடை. ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போனால்தான் பேரனுக்கு மிளகு ரசம் கரைத்து ஊட்ட முடியும். அவன் அம்மா கையால் ஊட்டினால் சாப்பிடமாட்டேன் என்கிறான் என்று காலையில்தான் புகார் வந்திருந்தது.